பேர் பதிந்த தங்கச்சி

உங்கள் அத்தை எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. பெரியப்பா மகளும் இல்லை. இரத்தத்தால் எங்களுக்குள் ஒரு சம்பந்தமும் கிடையாது. உங்கள் அம்மாவுக்கு இது தெரியும். பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டேன். உங்களுக்குத்தான் இதுவரை சொல்லவில்லை. சொல்லாமல் வைத்ததால் ஒரு பிள்ளை என்ன பாடுபட்டது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன். ஓ/எல் பரீட்சை வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் முதலில் இருந்தது கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தொண்ணூற்று மூன்றில் அங்கே வேலை குறைந்துவிட்டது. பழைய தேயிலையை அப்படியே காடாக விட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிய காரியம். அந்த நேரம் பார்த்து அப்பா காலில் அடிபட்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படுத்தார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் பாம்பு கடித்துக் கிடந்தார். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் அவர் கங்காணி. பதினொரு நாள் இரண்டு பேரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிற அன்று அவர் அப்பாவிடம் சொன்னாராம்:

"எங்க தோட்டத்துல வெளி ஆளுக்குப் பேர் பதிய மாட்டாங்க. இருக்கிறவனோட சொந்தக்காரன்னா பதிவாங்க. நீ என் தம்பின்னு வந்து நில்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பேர் பதியாவிட்டால் தோட்டத்தில் வேலையும் இல்லை, வரிசை வீடுகளான லயத்தில் இருக்க ஒரு காம்பராவும் இல்லை. அப்பா யோசிக்கவில்லை. தைப்பொங்கல் முடிந்த கையோடு அவிசாவளையில் பஸ் மாறி, நாலு சாக்கு மூட்டையோடு போய் இறங்கினோம். எனக்குப் பதினாறு வயது.

தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் சிங்களவர். "ஒயாகே மல்லித?" என்று கேட்டார். உன் தம்பியா என்று அர்த்தம்.

"ஓவ் மஹத்தயா, மகேம மல்லி," என்றார் கங்காணி. சொந்தத் தம்பியேதான்.

கிளாக்கர் அப்பாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் தகப்பன் பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்றார். கங்காணி அசரவில்லை.

"எங்க ஆளுகளோட பேரை யாருங்கய்யா சரியா எழுதியிருக்காங்க? என் பேரே மூணு எடத்துல மூணு விதமா இருக்கு. எந்த நான் உண்மையான நான்னு எனக்கே தெரியாது."

கிளாக்கர் சிரித்துவிட்டு எழுதினார். அவர் பேனாவை மூடியபோது எனக்கு ஒரு பெரியப்பாவும் ஒரு பெரியம்மாவும் கிடைத்திருந்தார்கள். ஒரு தங்கச்சியும்.

லயத்துக்கு ஏறுகிற வழியில் அப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னை நிறுத்தினார்.

"என் தலையில கை வை."

வைத்தேன்.

"பெரியவங்க நாலு பேருக்கும் ஒனக்கும்தான் இது தெரியும். அவர் மகளுக்குக்கூட சொல்லல. பொட்டப் புள்ள, எங்கயாவது வாய் விட்டுருவான்னு சொல்லாம வச்சிருக்காரு. இது வெளிய போனா நம்ம மட்டும் இல்ல, அந்த மனுசனும் கங்காணி வேலைய விட்டுட்டு ரோட்டுல நிக்கணும். வெளங்குதா?"

விளங்கியது.

அவள் அப்போது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் இறப்பர்ப் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வயது இளையவள். எங்களைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து என் தோளில் இருந்த மூட்டையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அண்ணன் வந்துட்டாரு," என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத பிள்ளை. சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான் என்று பத்து நாளைக்கு முன்புதான் கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தப் பத்து நாளும் யாரோடும் வேறு பேச்சே பேசவில்லையாம்.

பீலிக்கரைக்கு வந்த பெண்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"மூக்கப் பாருடி. அசல் கங்காணி வீட்டு மூக்கு."

"ஆமா, நெத்தியும் அப்புடியேதான். ரெண்டும் ஒரே அச்சு."

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பேச்சைக் கேட்டாலே அங்கிருந்து நழுவிவிடுவேன்.

இறப்பர் எனக்குத் தெரியாத வேலை. சனி, ஞாயிறுகளில் அம்மாவுக்கு உதவியாகப் போவேன். தேயிலையில் எல்லாம் இடுப்புக்குக் கீழே, வெயிலில். இங்கே தலைக்கு மேலே மரம், எப்போதும் இருட்டு, காலில் அட்டை. லயத்துப் பையன்கள் என்னைக் கண்டால் விடமாட்டார்கள். "டேய் தேயில, மரத்துல கொழுந்து தேடுறியா?" என்பார்கள். முதல் நாளே கத்தியை ஆழமாக இறக்கி ஒரு மரத்தைக் காயப்படுத்திவிட்டேன். அவள்தான் என் கையில் இருந்து கத்தியை வாங்கி, பட்டையை மட்டும் நூல்போல் சீவிக் காட்டினாள். வெள்ளையாகப் பால் கசிந்து சிரட்டைக்குள் சொட்டியது.

"மரத்துக்கு வலிக்காம வெட்டணும் அண்ணே. வலிச்சா அடுத்த வருசம் தராது."

பள்ளிக்கூடம் டவுனில் இருந்தது. தோட்டத்துப் பாதையில் இரண்டு மைல் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். நாங்கள் வரும்வரை, வழியில் ஆள் நடமாட்டம் இல்லை என்று பெரியம்மா அவளை வாரத்தில் பாதி நாள் அனுப்புவதில்லை. நான் வந்த பிறகு ஒரு நாளும் தவறவில்லை. "அண்ணன் கூடத்தானே போறா, என்ன பயம்," என்பார். வேறு எந்த வீட்டுப் பையனோடும் பதினைந்து வயதுப் பெண்ணை அந்தப் பாதையில் அனுப்பியிருக்க மாட்டார்கள். என்னோடு அனுப்பினார்கள்.

அந்தக் காலத்தில் பாலத்தடியில் செக்பாயின்ட் இருந்தது. யுத்த காலம். தமிழ்ப் பையன் என்றால் இறக்கி விசாரிப்பார்கள். எனக்கு அடையாள அட்டை இன்னும் வரவில்லை, சிங்களமும் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஒரு நாள் என்னை மட்டும் இறக்கிவிட்டு, ஊர் எது, எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டுக்கொண்டே போனார். நான் பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். பஸ் புறப்படப் போனது. அவள் இறங்கி வந்தாள். புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பொலிஸ்காரருக்கு நேரே நின்று, "மே மகே அய்யா," என்றாள். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். பிறகு தோட்டத்தின் பெயர், அப்பாவின் பெயர், கிளாக்கரின் பெயர் என்று கிராமத்துப் பிள்ளைகள் பேசுகிற மாதிரிப் பேசினாள். பொலிஸ்காரர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்கும் அந்த மூக்கு தெரிந்ததோ என்னவோ, போ என்று கையைக் காட்டினார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அவள் புத்தகப் பையை மார்பிலிருந்து இறக்கவில்லை. "எனக்குப் பயம் இல்ல அண்ணே, குளிர்," என்றாள்.

அன்றிலிருந்துதான் எனக்கு அது ஆரம்பித்தது. காதல் என்று உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதற்கு வேறு பெயர் இல்லை. அவள் முன்னால் நடந்து போனால் அவள் மிதித்த இடத்தில் மிதிப்பேன். கடைப் பலகைகளில் இருந்த சிங்கள எழுத்தை அவள் வாசித்துக் காட்டுவாள். தெரிந்த எழுத்தையும் தெரியாது என்பேன். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, எல்லோரும் லயத்திலேயே இருப்பார்கள், தனியாகப் பேச முடியாது. அதனால் விடியும்போதே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யட்டியாந்தோட்டையில் மழையை வெறுத்துப் பிழைக்க முடியுமா? ஆனாலும் வெறுத்தேன்.

அவளுக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது. புரட்டாதி மாதம், பள்ளிக்கூடம் விட்டு ஏறி வந்துகொண்டிருந்தோம். முன்னால் நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று நின்றாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கவா? சிரிக்கக் கூடாது."

"கேளு."

"ஒங்களுக்கு வேற யாருக்காச்சும் மகனா பொறந்திருக்க ஏலாதா?"

நான் சிரிக்கவில்லை. அவள் கண் நிறைய தண்ணீர் நின்றது. அவள் கேட்டதற்கு என் வாயில் பதில் இருந்தது. 'நான் வேறு ஒருவருக்குப் பிறந்தவன்தான்.' ஒரே ஒரு வரி. அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அங்கேயே பிழைத்திருக்கும்.

நான் சொன்னது என்ன தெரியுமா? "பைத்தியம் மாதிரி பேசாத. மழ வருது, நட."

அப்பா தலையில் வைத்த கை, லயத்துக் காம்பரா, பெரியப்பாவின் வேலை, இவையெல்லாம் காரணம்தான். பல வருடம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. அதை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன். நான் அண்ணன் இல்லை என்று தெரிந்தால் அவளை என்னோடு அனுப்ப மாட்டார்கள். அந்த இரண்டு மைல் பாதை போய்விடும். அது போகக் கூடாது என்று நினைத்தேன். அவள் மனதில் என்ன நடக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் அவள் வேறு பிள்ளைகளோடு முன்னாலேயே போய்விட்டாள். என்னைக் கண்டால் காம்பராவுக்குள் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை விரதம் என்றாள், பிறகு செவ்வாய்க்கிழமையும் என்றாள், பிறகு பாதி நாள் சாப்பாடே இல்லை. கோவிலில் எல்லோரும் போன பிறகும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அண்ணன் மேல் ஆசைப்பட்ட பாவி என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நினைப்பை எடுத்துவிடவும் என்னால் மட்டும்தான் முடியும். கார்த்திகை, மார்கழி என்று மாதங்கள் போயின. அவள் கன்னம் ஒட்டிப் போனது. பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள்.

பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்கிட்டதான் மனசு விட்டுப் பேசுவா. என்னான்னு கேட்டுச் சொல்லேன்டா."

"கேட்டேன் பெரியம்மா. ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறா," என்றேன். பெரிய பொய்களைப் பெரியவர்கள் சொன்னார்கள். இந்தப் பொய் என்னுடையது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோடாங்கியை அழைத்து வந்தார்கள். உடுக்கு அடித்துக் குறி சொல்கிறவர். ஓடைப்பக்கம் இறந்த ஏதோ ஒரு பெண்ணின் நிழல் இவள் மேல் விழுந்திருக்கிறது என்றார். அவளை மணையில் உட்கார வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையால் அடித்தார்கள். லயத்து ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அடிபட வேண்டியவள்தான் என்று நினைத்தவள்போல் குனிந்தே இருந்தாள். கடைசியில் கோடாங்கி மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்தார்.

"கூடப் பொறந்தவன் கையால கட்டணும். யாரு இருக்கா?"

"அண்ணன் இருக்கான், அண்ணன் இருக்கான்," என்று நாலைந்து பேர் என்னை முன்னால் தள்ளினார்கள்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பெரியப்பாவும் தரையைப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். என் விரல் பட்டதும் நெருப்புப் பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். கோடாங்கி, "பாத்தீங்களா, அது பயப்படுது," என்று உடுக்கை இன்னும் வேகமாக அடித்தார். பெரியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து நீட்டினார். நான் கட்டினேன். மூன்று முடிச்சுப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அடுத்த நாள் அவள் ஓடைக்குத் துணி எடுத்துக்கொண்டு போனபோது பின்னால் போனேன். இறப்பர் இலை உதிர்கிற காலம். மரமெல்லாம் மொட்டையாகி, பாதையில் வெளிச்சம் விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் அவள் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"நில்லு. நான் ஒங்க சித்தப்பா மகன் இல்ல."

அவளுக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில், கிளாக்கர், பேர் பதிந்தது என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அவள் கல்லில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"இது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"வந்த நாள்லருந்து."

"அப்ப நான் அந்தப் பாதையில வச்சுக் கேட்டப்போ தெரியும்?"

"தெரியும்."

"நான் சோறு திங்காம கெடந்தப்போ தெரியும்?"

நான் தலையை ஆட்டினேன்.

"நேத்து எல்லாரும் சேந்து என்னைய அடிக்கிறப்போ, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"அப்பா தலையில சத்தியம்…"

"எங்க அப்பா பொய் சொன்னாரு. அது ஒங்களுக்கு வீடு தேடிக் குடுக்க. நீங்க எதுக்காக சொல்லாம இருந்தீங்க?"

எதற்காக என்று எனக்குத் தெரியும். சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். எழுந்து துணியைத் துவைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடியும் கல்லில் விழுந்தது. நான் அங்கேயே நின்றேன்.

"இனி இத யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே. "எங்க அப்பா அந்த கிளாக்கர் முன்னாடி பொய்க்காரரா நிக்க வேணாம். நீங்க அண்ணனாவே இருங்க."

அன்று சாயங்காலம் அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பெரியம்மா கோடாங்கிக்குச் சேவல் கொடுத்தார். அண்ணன் கட்டிய கயிறு என்று லயம் முழுக்க என்னைப் புகழ்ந்தார்கள். பையன்கள்கூட 'தேயில' என்று கூப்பிடுவதை விட்டார்கள். பாராட்டு வாங்குவது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்துத் தானாகவே பேச்சை எடுத்தாள். கேகாலையில் தாய்மாமன் வீட்டில் இருந்துகொண்டு தையல் படிக்கப் போகிறேன் என்றாள். பெரியப்பா, "சரி, அண்ணன் கொண்டுபோய் விட்டுட்டு வரட்டும்," என்றார். "வேணாம்பா. மாமா டவுனுக்கு வருவாரு. பஸ் ரோடு வரைக்கும் வந்தாப் போதும்," என்றாள்.

அந்த இரண்டு மைலும் கடைசி முறையாக இறங்கினோம். பெட்டியை நான் சுமந்தேன். ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டேன்.

"கோவமா?"

"கோவம் இல்ல. நீங்க சொன்ன நாள்லருந்து நல்லா தூங்குறேன். ஆனா அந்த நாலு மாசம் நெனப்பு வந்தா ஒங்க மொகத்தப் பாக்க ஏலாம இருக்கு." பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, "நானா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்," என்றாள்.

சொல்லியிருப்பாள். பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் அவள்.

நாலு வருடம் கழித்து அவளுக்குக் கேகாலையில் கல்யாணம். பெண்ணின் அண்ணன் என்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வந்தது நான்தான். அவர் என்னை மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்டார். நல்ல மனிதர், உங்களுக்கே தெரியும். பெரியப்பாவும் என் அப்பாவும் அண்ணன் தம்பியாகவே இருந்து, அடுத்தடுத்த வருடங்களில் செத்துப்போனார்கள். கொள்ளி வைக்கிற இடத்தில்கூட அவர்கள் உறவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அத்தை வருடத்தில் இரண்டு தடவை நம் வீட்டுக்கு வருகிறார். உங்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டு வருகிறார். உங்களோடும் அம்மாவோடும் விடாமல் பேசுகிறார். என்னிடம், "நல்லா இருக்கீங்களா அண்ணே," என்று ஒரு வார்த்தை. அதோடு சரி. அவருக்கு என் மேல் ஏதோ வருத்தம் என்று மூத்தவள் போன தடவை என்னிடம் கேட்டாளே, அதற்குப் பதில் இதுதான் மகளே. நான் அன்று ஏதோ சொல்லி மழுப்பினேன். மறுபடியும் மழுப்புகிறேனே என்று அதன் பிறகு மனது கேட்கவில்லை.

அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்க நினைப்பேன். உங்களில் யாராவது பக்கத்தில் இருப்பீர்கள். எதற்கு மன்னிப்பு என்று நீங்கள் கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிடுவேன். இப்போது உங்களுக்குத் தெரியும். சித்திரைக்கு அத்தை வருவார். சாப்பிட்டு முடித்ததும், அவர் உங்களைக் கூப்பிட்டாலும், நீங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் வெளியே போங்கள். அம்மா இருக்கட்டும்.